மாலையில் சரியும் இமை



நடவுக்குப் போகிற ஒரு பெண். காலையில் மளமளவென்று நாற்றுப் பறிக்கிறாள். பொழுது சாயச் சாய இமை தானாகச் சரிகிறது. ஒன்று இரண்டாகத் தெரிகிறது. சோற்றை மெல்லவும் தெம்பில்லை. விடிந்தால் தேவலாம். வீட்டில் என்ன சொல்வார்கள்? "சோம்பல்" என்பார்கள், இல்லையேல் திருஷ்டி சுற்றிப் போடுவார்கள். இரண்டுமில்லை ஐயா. இது 'மயஸ்தீனியா கிரேவிஸ்' என்னும் நோயாக இருக்கலாம். ஆண்களுக்கும் வரும், அவர்களுக்குப் பெரும்பாலும் 50 வயதுக்கு மேல்.

கிருமியை விரட்ட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, நரம்பு தசைக்குச் சேதி சொல்லும் இடத்தையே தாக்குகிறது. வாய்க்காலில் தண்ணீர் இருந்தும் மடை அடைபட்டால் வயல் காயுமல்லவா, அதுபோலத்தான்.

இதற்கும் மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பிக்கும் சம்பந்தம் உண்டு. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்க வேண்டியது அது. இந்நோயாளிகள் பலருக்கு வீங்கியே இருக்கும். 100 பேரில் 10 முதல் 15 பேருக்கு அதில் கட்டியும் இருக்கும். சிறு கட்டி எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம். ஆகவே இரத்தப் பரிசோதனையோடு மார்புக்கு சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள்.

வீக்கமெல்லாம் புற்றுநோய் என்று பயப்படாதீர்கள். தைராய்டு மிகுதியால் வரும் தைமஸ் வீக்கம், தைராய்டுக்கு மருந்து சாப்பிட்டாலே பெரும்பாலும் வற்றிவிடும். கட்டியென்றால் எடுத்துவிட வேண்டும். கட்டியில்லாத மயஸ்தீனியாக்காரர்களிலும் தைமஸை எடுத்தவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று 2016-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. தெம்பு தரும் மாத்திரைகளும் உண்டு.

இந்த நோய் இருந்தாலும் பிள்ளை பெறலாம். ஆனால் கருத்தரிக்கும் முன்பே டாக்டரைக் கலந்துகொள்ளுங்கள். பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில்தான். ஜன்னிக்குப் போடும் மக்னீசியம் ஊசி இவர்களுக்கு ஆபத்து. போனவுடனே நோயைச் சொல்லிவிடுங்கள். சில குழந்தைகள் பிறந்ததும் பால் உறிஞ்சத் திணறும். கவனித்தால் சில வாரங்களில் சரியாகிவிடும்.

இன்னொன்று முக்கியம். இரவு தரையில் படுத்தவருக்கு விடியலில் திடீரென்று இமை சரிந்தால், கட்டுவிரியன் தீண்டியிருக்கலாம். கடிவாய் தெரியாது. மந்திரிக்கப் போகாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறினாலும் அப்படியே.

கணவன்மார்களே! அவள் சோர்ந்து உட்கார்ந்தால் கோபிக்காதீர்கள். சாயங்காலம் முகத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். இமை சரிந்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.