மருந்து பாதி, கூரையும் கூலியும் மறு பாதி

(நார்த்தாமலையில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நாம் போனஸைப் பற்றியோ கூலி உயர்வைப் பற்றியோ பேச வரவில்லை. அதற்கு வேறு நாள் இருக்கிறது. எல்லா ஊரிலும் இருக்கிற, ஆனால் எந்த ஊர்க் கூட்டத்திலும் பேசாத ஒரு சங்கதியைப் பேச வந்திருக்கிறோம். சித்தப் பிரமை, மூளைக் கோளாறு, பைத்தியம் என்று ஜனங்கள் பலவாறு சொல்லும் அந்த நோய் கண்டு, வைத்தியம் பார்த்து, குணப்பட்டுத் திரும்புகிறார்களே, அவர்களைப் பற்றி. அவர்கள் எங்கே தங்குவது? யார் அவர்களுக்கு வேலை கொடுப்பது?

ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பேர் வேண்டாம். இந்த மலைகளுக்கு அக்கம்பக்கத்தில் ஜல்லி உடைத்துப் பிழைத்தவள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு தூக்கம் போயிற்று. யாரோ காதில் பேசுவது போல் கேட்டது. மந்திரவாதியிடம் கொண்டு போனார்கள். இருந்த ஆட்டையும் விற்றார்கள். ஒரு நாள் அவள் கால் போன போக்கில் திருச்சி ரோட்டில் நடந்து போய்விட்டாள். யாரோ ஒரு புண்ணியவான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நாலு மாதத்தில் தெளிந்தாள். தன் பேர், ஊர், பிள்ளைகளின் பேர் எல்லாம் சொன்னாள். ‘இனி வீட்டுக்குப் போகலாம்’ என்றார் டாக்டர்.

எந்த வீட்டுக்கு? புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அண்ணனுக்கு இருப்பது ஒற்றை அறைக் குடிசை, அதில் ஆறு பேர். குவாரி மேஸ்திரியோ, ‘சம்மட்டியை யார் தலையிலாவது போட்டுவிட்டால் நான் பதில் சொல்ல முடியுமா?’ என்று கேட்கிறான். அவள் மறுபடி ரோட்டுக்கு வந்தாள். மாத்திரை நின்றது. மூன்றாம் மாதம் மீண்டும் ஆஸ்பத்திரி. ‘நோய் திரும்பியது’ என்று சீட்டில் எழுதுவார்கள். தங்க இடம் கிடைக்கவில்லை, கூலி கிடைக்கவில்லை என்று எழுத அந்தச் சீட்டில் இடம் கிடையாது.

இப்படி ஒருவரையாவது பார்க்காதவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்களா?

இது நம்முடைய பிரச்னைதான். 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தவர்களில் 100-க்குப் 10 பேருக்கு மேல் ஏதாவதொரு மனநோயால் அவதிப்படுவதாகக் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் வைத்தியமே பார்க்காதவர்கள். பணக்காரன் வீட்டில் இது வந்தால் மாடியில் தனி அறை, பார்த்துக்கொள்ள ஒரு ஆள், வீடு தேடி வருகிற டாக்டர். நம் வீட்டில் வந்தால் ஒரு ஆள் கூலி போகும். அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் கூலியும் போகும்.

இதுவரை சமுதாயம் இவர்களை என்ன செய்தது? பூட்டி வைத்தது. சென்னையில் 1794-ல் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் ஒருவர் ஆரம்பித்த விடுதியில் தொடங்கி, 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் எழுந்த பெரிய ஆஸ்பத்திரி வரை, மதில் சுவர்தான் முதல் வைத்தியம். அங்கும் நல்லவர்கள் வந்தார்கள். 1961-ல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த டாக்டர் சாரதா மேனன், நோயாளிகள் தொழில் பழகக் கூடம் ஏற்படுத்தினார். குடும்பத்தாரை உள்ளே வரவழைத்துப் பேசினார். ஓய்வு பெற்ற பிறகு 1984-ல் ‘ஸ்கார்ஃப்’ நிலையத்தை நிறுவினார். ஆனால் குணமடைந்தவர் திரும்பிப் போக வெளியே வாசல் திறந்திருக்க வேண்டாமா? 2019-ல் வந்த ஓர் அறிக்கை, நாட்டின் 43 சர்க்கார் மனநல ஆஸ்பத்திரிகளில் இருந்தவர்களைக் கணக்கெடுத்தது. 100-க்கு 36 பேர் ஒரு வருஷமோ அதற்கு மேலோ உள்ளேயே கிடந்தவர்கள்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காதவர் கதை இன்னும் கொடியது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்களல்ல, தோழர்களே. பெரும்பாலும் நம்மைப் போன்ற ஏழைகள். வேறு போக்கிடம் தெரியாதவர்கள்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு நாடு கொஞ்சம் கண் விழித்தது. 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்து 2018 மே மாதம் அமுலாயிற்று. அதன் 95-வது பிரிவு சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. 19-வது பிரிவை நீங்கள் மனப்பாடமே செய்துகொள்ளலாம். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்கிற காரணத்துக்காக ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது அது. ஊருக்குள் வாழ்வது அவருடைய உரிமை. அதற்கான இல்லங்களை ஏற்படுத்துவது சர்க்காரின் கடமை. எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. எத்தனை ஊரில் அந்த இல்லம் இருக்கிறது என்று கேளுங்கள்.

மருந்து விஷயத்தில் நம் பக்கம் முன்பிருந்ததை விட மேல். ஜில்லா மனநலத் திட்டம் 1996-ல் இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கிய நாலு ஜில்லாக்களில் திருச்சியும் ஒன்று. தெருவில் திரிகிறவர்களை அழைத்து வந்து வைத்தியம் பார்க்க தமிழ்நாடு சர்க்கார் மீட்பு மையங்கள் ஆரம்பித்த ஜில்லாக்களில் நம் புதுக்கோட்டையும் ஒன்று. மாத்திரை இலவசம். இவையெல்லாம் பாதி வழி. அந்த மையத்தின் வாசலில் இறங்கி எங்கே போவது என்பதுதான் மறு பாதி.

இதற்கு ஒரு வழி சென்னையிலேயே செய்து காட்டப்பட்டிருக்கிறது. வீடில்லாத மனநோயாளிப் பெண்களுக்காக வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு பெண்கள் 1993-ல் ‘பேன்யன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பலரைக் குணப்படுத்தி ஊர் சேர்த்தார்கள். ஆனாலும் போக இடமில்லாத சிலர் வருஷக்கணக்கில் விடுதியிலேயே தங்கிவிட்டார்கள். 2015-ல் அவர்களுக்காக ஒரு காரியம் செய்தார்கள். சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீடு. நாலைந்து பேர் சேர்ந்து குடித்தனம். கூட உதவிக்கு ஒரு ஆள்; அவர் நர்ஸும் அல்ல, வார்டனும் அல்ல, பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பெண். ‘ஹோம் அகெய்ன்’ என்று அதற்குப் பேர். மறுபடியும் வீடு என்று அர்த்தம். தமிழ்நாட்டில் மட்டுமல்ல, கேரளத்திலும் அஸ்ஸாமிலும் இப்படி வீடுகள் உண்டு. 2021-ல் உலக சுகாதார ஸ்தாபனம் உலகத்துக்கு எடுத்துக்காட்டிய நல்ல முறைகளில் இதையும் சேர்த்தது.

அந்த வீட்டில் என்ன விசேஷம்? ஒன்றுமில்லை. அதுதான் விசேஷம். இன்றைக்குக் குழம்பா, ரசமா என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். கடைக்குப் போய்ப் பேரம் பேசுகிறார்கள். கோபம் வந்தால் சண்டை போட்டு மறுநாள் சேர்ந்துகொள்கிறார்கள். ஆஸ்பத்திரி வார்டில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கும். வீட்டில் உட்பக்கம் இருக்கும். பத்து வருஷம் வெளித் தாழ்ப்பாளில் இருந்தவருக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று யோசியுங்கள்.

சரி, வீடு கிடைத்தது. வயிற்றுக்கு? இங்கேதான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ‘வேலையும் ஒரு வைத்தியம்’ என்று சொல்லிக்கொண்டு, கூலி இல்லாமல் உழைப்பை உறிஞ்சிய கதை பல தேசங்களில் உண்டு. இத்தாலியில் டிரியெஸ்ட் என்ற துறைமுகப் பட்டணம். அங்கிருந்த பெரிய மனநோய் ஆஸ்பத்திரியில் 1971-ல் பிராங்கோ பஸாலியா என்ற டாக்டர் தலைவராக வந்தபோது, உள்ளே சுமார் 1200 பேர் இருந்தார்கள். அவர்களில் பலர் வார்டைக் கழுவினார்கள், துணி துவைத்தார்கள், சமையற்கூடத்தில் உழைத்தார்கள். சம்பளம் கிடையாது, சிகிச்சையாம்! 1972-73-ல் அதே நோயாளிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அதே ஆஸ்பத்திரியைக் கழுவித் துடைக்கும் வேலையை ஒப்பந்தத்தில் எடுத்து, முறையான கூலி வாங்கினார்கள். நேற்று வரை நோயாளி. இன்று கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிற தொழிலாளி. விளக்குமாறு அதே விளக்குமாறுதான்.

1978-ல் இத்தாலி அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளை மூடச் சட்டம் செய்தது. 1991-ல் வந்த இன்னொரு சட்டம், இத்தகைய கூட்டுறவுகளில் 100-க்கு 30 பேராவது நோயாலோ ஊனத்தாலோ வேறு கஷ்டத்தாலோ பின்தங்கியவராக இருக்க வேண்டும் என்று விதித்தது. மற்ற 70 பேர் சாதாரணத் தொழிலாளிகள். தனியாக ஒதுக்கி உட்கார்த்தி வைத்து மெழுகுவத்தி செய்யச் சொல்வதில்லை. எல்லோருடனும் கலந்து வேலை.

இத்தாலி வெகு தூரம் என்பீர்கள். கூட்டாகத் தொழில் நடத்துவதை நம் ஜில்லாவுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் இந்தப் புதுக்கோட்டை ஜில்லாவில்தான், காண்டிராக்டரிடம் கடன்பட்டுக் கல் உடைத்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். படிப்பு இல்லாதவர்கள் அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டே கணக்கும் பார்த்தார்கள். ‘பொம்பிளைகளுக்குக் குவாரி நடத்தத் தெரியுமா?’ என்று அன்று சிரித்தவர்கள்தான் இன்று, ‘பைத்தியத்துக்கு வேலை தெரியுமா?’ என்று சிரிக்கிறார்கள்.

முதலில் பல மாதம் பயிற்சி, பிறகு வேலை என்று முன்பு நினைத்தார்கள். பயிற்சி முடிந்து சர்ட்டிபிகேட்டோடு வீட்டில் உட்கார்ந்தவர்களே அதிகம். அமெரிக்காவில் 1990-களில் இதைத் திருப்பிப் போட்டார்கள். முதலில் உண்மையான வேலை, உண்மையான கூலி. கூடவே ஒரு ஆள் இருந்து உதவி செய்வது. பல நாடுகளில் சோதித்ததில் இந்த முறையில் வேலையில் நிலைத்தவர்களே அதிகம். கண்மாயில் இறங்காமல் நீச்சல் பழக முடியாதல்லவா?

மில் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இ.எஸ்.ஐ.யில் நீண்ட நாள் நோய்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. 34 நோய்கள். கடுமையான மனநோயும் அதில் இருக்கிறது. இரண்டு வருஷ சர்வீசும் போதுமான சந்தா நாட்களும் இருந்தால், சாதாரண 91 நாள் போக, சராசரிக் கூலியில் 100-க்கு 80 வீதம் மேலும் பணம் உண்டு. டாக்டர் சிபாரிசின் பேரில் இரண்டு வருஷம் வரை நீட்டலாம். இது தெரியாமல் ராஜினாமாவில் கைநாட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். நோய் கண்டவரிடம் எந்தக் காகிதத்திலும் அவசரமாகக் கையெழுத்து வாங்க விடாதீர்கள். திரும்பி வந்தால் அவருக்கு ராத்திரி ஷிப்டு வேண்டாம் என்று கேளுங்கள். தூக்கம் கெட்டால் நோய் கிளம்பும். இது சலுகை இல்லை. கை முறிந்தவனுக்குக் கட்டுப் போடுவது மாதிரி.

விவசாயத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. நோய் ஒன்றுதான், பாதுகாப்பு மட்டும் வேறு. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே அடையாள அட்டை வாங்க வழி உண்டு. அதை வைத்து உதவித்தொகை கேட்கலாம். ஊரக வேலைத் திட்டத்தில் தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்ப்பது போன்ற இலேசான வேலை கேட்கலாம். அட்டை வாங்க ஆபீசுக்கு நடக்க ஒரு துணை வேண்டும். அந்தத் துணைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். அந்த ஒரு நாளைச் சங்கம் ஏற்கலாம்.

வெயிலில் வேலை செய்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மாத்திரைகளில் சிலவற்றால் காலையில் மயக்கம் இருக்கும், கை நடுங்கும், நாக்கு வறளும். அதைச் சோம்பேறித்தனம் என்று மேஸ்திரி திட்டுவான். லித்தியம் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர் வியர்த்துக் கொட்டியும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் அதுவே விஷமாகலாம். ஆகவே தண்ணீர்ப் பானை அருகில் இருக்கட்டும். கிரஷர் பக்கமும் உயரமான இடத்திலும் ஆரம்பத்தில் வேண்டாம். அரை நாளில் தொடங்கி முழு நாளுக்கு வரட்டும். குணசீலத்தில் 48 நாள் தங்குவதும், நம்மூர் முத்துமாரிக்கு நேர்ந்துகொள்வதும் அவரவர் நம்பிக்கை. மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது. நிறுத்துவதாக இருந்தால் டாக்டர்தான் நிறுத்த வேண்டும்.

‘ராத்திரியில் எழுந்து கத்தினால் என்ன செய்வது?’ என்று முன்னால் உட்கார்ந்திருக்கிற தாயார் கேட்கிறார். நியாயமான கேள்வி. குடித்துவிட்டு தினம் கத்துகிறவன் தெருவுக்கு ஒருவன் இருக்கிறான். அவனுக்கு யாரும் வீடு இல்லை என்று சொல்வதில்லை! (சிரிப்பு) ஆனாலும் கேள்விக்குப் பதில் வேண்டும். மனநோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை, அடிபடுகிறவர்கள்தான் அதிகம். நோய் திடீரென்று வந்து குதிக்காது. இரண்டு மூன்று ராத்திரி தூங்காமல் இருப்பார், சாப்பாடு குறையும், மாத்திரையை மறைப்பார். அப்போதே அந்த வீட்டு உதவியாளரிடம் சொல்லிவிட்டால் பாதி தீர்ந்தது. 14416 என்ற இலவச போன் நம்பர் 2022 முதல் இருக்கிறது. ராத்திரியிலும் தமிழில் பதில் சொல்வார்கள். கூட்டம் கூடி வேடிக்கை பார்ப்பதும், பையன்கள் கல்லெறிவதும்தான் இலேசான நோயைப் பெரிதாக்குவது.

இன்னொருவர், ‘வாடகை யார் கொடுப்பது?’ என்கிறார். சட்டப்படி இல்லம் ஏற்படுத்த வேண்டியது சர்க்கார். அதைக் கேட்டு கலெக்டருக்கு மனுக் கொடுக்க வேண்டும். 19-வது பிரிவைக் குறிப்பிட்டே எழுதுவோம். ஆனால் ‘அந்த ஊரில் வீடு தர மாட்டார்கள்’ என்று ஆபீசில் பதில் வரும். அந்தப் பதிலுக்கு இடமில்லாமல் செய்வது நம் கையில் இருக்கிறது.

ஆகையால் ஒரு சின்ன வேலை. தண்ணீர் வசதியும் கக்கூஸும் உள்ள, நாலு பேர் படுக்கக்கூடிய காலி வீடு இந்த ஊரிலோ கீரனூர்ப் பக்கத்திலோ இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சங்கத்தில் சொல்லுங்கள். பஸ் நிற்கிற இடத்துக்கு நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். மாத்திரை வாங்க மாதம் ஒரு தரம் புதுக்கோட்டை போக வேண்டியிருக்கும். யாருக்காகக் கேட்கிறோம் என்பதை வீட்டுக்காரரிடம் மறைக்காதீர்கள். சொல்லியே கேளுங்கள். அவர் மறுத்தால் என்ன காரணம் சொன்னார் என்பதையும் கேட்டு வாருங்கள். நாமே நேரில் போய்ப் பேசுகிறோம்.