அம்மா எழுதும் ஞாபகப் புத்தகம்



ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. பாதித்த ஏழைக் குடும்பங்களோடு தொண்டு செய்வது பற்றி வானொலியில் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்கா 54 நாடுகள் கொண்ட கண்டம். நான் பழகியது உகாண்டாவில், கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில். ஆகவே பேச்சையும் அங்கேயே வைத்துக்கொள்கிறேன்.

நோரின் கலீபா என்ற பெண்மணியிலிருந்து தொடங்க வேண்டும். கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைத் துறையில் இருந்தவர். 1987-இல் கணவரை எய்ட்ஸ் நோய்க்குப் பறிகொடுத்தார். நோயாளியின் கையைத் தொடவே பலர் பயந்த காலம் அது. அதே ஆண்டில், நோயோடு வாழ்ந்துகொண்டிருந்த நண்பர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு ‘டாசோ’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அப்போது அங்கே மருந்து ஏது? வீடு தேடிப் போனார்கள், புண்ணைக் கழுவிக் கட்டினார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். இன்றும் அங்கே வீடு வீடாகப் போகிற தொண்டர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தாம். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள். அவர்களிலேயே பலர் தினமும் எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள். வெளியிலிருந்து போகிற நம்மைப் போன்றவர்கள் அவர்கள் பின்னால் நடந்து, அவர்கள் சொல்கிற வேலையைச் செய்ய வேண்டும்.

அப்படி எனக்குக் கிடைத்த வேலைகளில் என் மனம் நிறைந்த ஒன்றைச் சொல்கிறேன். அதன் பெயர் ஞாபகப் புத்தகம். எச்.ஐ.வி.யோடு வாழும் உகாண்டாப் பெண்கள் 1992-இல் ‘நக்வோலா’ என்றொரு சங்கம் கண்டார்கள். ஞாபகப் புத்தகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் அவர்கள்தாம். தாய் தன் பிள்ளைக்காக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பாள். நீ எப்போது பிறந்தாய், முதலில் என்ன பேசினாய், உன் அப்பா யார், தாத்தா பாட்டி எந்த ஊர், உனக்கு என்ன பிடிக்கும், நீ எப்படி வளர வேண்டும் என்று நினைக்கிறேன். புகைப்படம் இருந்தால் ஒட்டுவார்கள். இல்லாவிட்டால் பிள்ளையே படம் வரையும்.

ஒரு வீட்டில் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஓலைப் பாயில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, உள்ளூர்த் தொண்டர் லுகாண்டா மொழியில் எழுதினார். பக்கங்களுக்குக் கோடு போட்டுக் கொடுத்தது நான். “நீ பிறந்த ராத்திரி நல்ல மழை. உங்கப்பா பிரசவம் பார்க்கிற பாட்டியை சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டு வந்தார். ரெண்டு பேரும் சேத்துல விழுந்து எழுந்து வந்தாங்க.” எட்டு வயதுப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். இறந்துபோன அப்பாவைப் பற்றி அவன் கேட்ட முதல் வேடிக்கைக் கதை அதுதானாம்.

அடுத்து அந்த அம்மா சொன்னது: “நீ வெட்டுக்கிளி தின்னக் கூடாது.” எனக்குப் புரியவில்லை. தொண்டர் விளக்கினார். இந்தப் புகாண்டாப் பகுதி மக்களில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு சின்னம் உண்டு. தன் குலச் சின்னத்தை யாரும் உண்பதில்லை. ஒரே குலத்துக்குள் கல்யாணமும் செய்வதில்லை. குலம் அப்பா வழியில் வருவது. இந்தப் பையன் வெட்டுக்கிளிக் குலம். நவம்பர் மாதத்தில் வெட்டுக்கிளியைப் பொரித்துத் தெருவெல்லாம் விற்பார்கள். அப்பா இல்லாத பிள்ளைக்கு இதை யார் சொல்வது? நேயர்களே, இதில் நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ‘நீ இன்னாருடைய பிள்ளை’ என்று அவனுக்குச் சொல்லும் பக்கம் அது.

வீடு, நிலம் பற்றிய பக்கமும் உண்டு. கணவர் இறந்ததும் உறவினர்கள் வந்து விதவையை வெளியேற்றிய கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். அதனால் தொண்டர்கள், உள்ளூர் மன்றத் தலைவரையும் அக்கம்பக்கத்தாரையும் சாட்சியாக வைத்து உயிலும் எழுத உதவுகிறார்கள். பிள்ளையை யார் வளர்ப்பது என்பதையும் அதிலேயே பேசி முடிப்பார்கள்.

எழுதவே கை வராத பக்கம், ‘எனக்கு என்ன நோய்’ என்பது. பல அம்மாக்கள் அங்கே வாரக்கணக்கில் நின்றுவிடுவார்கள். நாம் அவசரப்படுத்தக் கூடாது. நான் சொன்ன அம்மா ஒரு நாள் துணிந்து பையனிடம் சொன்னார். அவன், “எனக்குத் தெரியும்மா. மாவு டப்பாவுக்குள்ள மாத்திரையை ஒளிச்சு வைக்கிறீங்களே” என்றான். அன்றிலிருந்து ரேடியோவில் ராத்திரிச் செய்தி ஆரம்பித்ததும் தண்ணீரும் மாத்திரையுமாக வந்து நிற்பான். வானொலிக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

அந்த மாத்திரையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆன கூட்டு மருந்தை, 2001-இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 முதல் உகாண்டாவில் அரசு மருந்தை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. பிரிவை எதிர்பார்த்து எழுதி வைத்த புத்தகங்களில், பிழைத்துக்கொண்ட தாய்மார்கள் மேலும் மேலும் பக்கங்கள் சேர்த்தார்கள். பள்ளியில் பரிசு வாங்கியது, மீசை முளைத்தது எல்லாம் அதில் ஏறியது.

பசியோடு மாத்திரை விழுங்குகிற கஷ்டம், பேரப்பிள்ளைகளை ஒற்றையாய் வளர்க்கிற பாட்டிகள், இவற்றைப் பற்றியும் பேச ஆசை. நேரம் இடம் கொடுக்கவில்லை. இந்தப் பணிக்குப் போக நினைக்கிற இளைஞர்களுக்குச் சுருக்கமாகச் சில வார்த்தைகள்: அமைப்பின் பெயர் எழுதிய வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தாதீர்கள். அக்கம்பக்கம் அதிலேயே விஷயத்தைப் புரிந்துகொள்ளும். தள்ளி இறங்கி நடந்து போங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். கேட்டதை வெளியில் சொல்லாதீர்கள். உள்ளூர்த் தொண்டரின் வழிச்செலவுக்கும் சாப்பாட்டுக்கும் உதவ முடிந்தால், அது நீங்களே போவதைவிடப் பெரிய உதவி.

தாய் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால், குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 100-க்கு 5-க்கும் கீழே போய்விடுகிறது. மருந்து தடையில்லாமல் கிடைக்க வேண்டும், வாசல் தேடி வர ஓர் ஆளும் வேண்டும். இரண்டும் இருந்தால், பேரன் பேத்தி பிறந்த நாளையும் அந்த அம்மாக்களே தங்கள் வாயால் சொல்லி எழுத வைப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.