சாமி மேடைச் சூடமும் பாட்டியின் மாத்திரையும்



"வீட்டில் விஷம் ஏதும் இருக்கிறதா?" என்று சின்னக் குழந்தை உள்ள எந்தத் தாயைக் கேட்டாலும் இல்லை என்றுதான் பதில் வரும். எலி மருந்து வாங்குவதில்லை; பூச்சிக்கொல்லி டின்கள் தோட்டத்து வாழ்க்கையோடு போய்விட்டன. ஆனால், அதே வீட்டுச் சாமி மேடையில் சூடப் பொட்டலம் பிரித்தபடி கிடக்கும். பாட்டியின் கைப்பையில் இனிப்பு நீர் மாத்திரை இருக்கும். தாத்தாவின் தலையணைக்குப் பக்கத்தில் தைலப் புட்டி இருக்கும். இவற்றை யாரும் விஷம் என்று நினைப்பதில்லை. அதனால் பூட்டி வைப்பதில்லை. குழந்தை எடுத்து விழுங்கிவிட்டாலும் அவசரப்படுவதில்லை. ஆபத்து இந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

ஒரு வயது முதல் நான்கு வயது வரை உள்ள பிள்ளை, கைக்குக் கிடைத்ததை வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. அது குறும்பு அல்ல, வளர்ச்சி. பெரியவருக்கு மருந்தாகும் அளவு, 10 கிலோ எடையுள்ள உடம்புக்கு விஷமாகிவிடும்.

முதலில் சூடத்தைப் பார்ப்போம். வெள்ளையாக, மிட்டாய் போல இருக்கும். அமெரிக்கா 1983இல், உடம்பில் தேய்க்கும் தைலங்களில் கற்பூரம் 11 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று விதித்தது. குழந்தைகளுக்கு நேர்ந்த ஆபத்துகளே அதற்குக் காரணம். தீபாராதனைக்கு ஏற்றும் சூடத்தில் பெரும்பகுதி கற்பூரமே. அதைத் தின்ற குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். ஒரு கிராம்கூடச் சின்னக் குழந்தையின் உயிரைப் பறிக்கலாம்.

அடுத்தது தைலம். வயிற்று உப்புசத்துக்கும் மூட்டு வலிக்கும் தேய்க்கும் பல தைலங்களில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த பொருள் அது. கலப்பில்லாத மெத்தில் சாலிசிலேட் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், இருபது ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். தைலத்துக்குத் தைலம் அளவு மாறும். ஆனாலும், "தைலம்தானே குடித்தான்" என்று எந்தப் புட்டியையும் அலட்சியப்படுத்த முடியாது.

இனிப்பு நீர் இல்லாத குடும்பத்தை இன்று நம்மவரிடையே காண்பது அரிது. கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளில் ஒன்றே ஒன்று, குழந்தையின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். அதுவும் உடனே தெரியாமல், பல மணி நேரம் கழித்துத் தெரியலாம். பகலில் விளையாடிய பிள்ளை இரவில் தூங்குகிறது என்று வீட்டார் நினைப்பார்கள். உண்மையில் அது மயக்கமாக இருக்கலாம்.

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் திரவ மருந்தும் இப்படித்தான். 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள 60 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் 3,000 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. 10 கிலோ குழந்தை அதை முழுதாகக் குடித்தால், கிலோவுக்கு 300 மில்லிகிராம். கிலோவுக்கு 150 முதல் 200 மில்லிகிராம் ஆனாலே கல்லீரலைப் பற்றி மருத்துவர்கள் கவலைப்படுவார்கள். முதல் நாள் குழந்தை நன்றாகவே இருக்கும். பாதிப்பு இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வெளிப்படும். இதற்கு மாற்று மருந்து உண்டு. ஆனால், விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது முழுப் பலன் தரும். "நல்லாத்தானே இருக்கான், காலையில் பார்ப்போம்" என்று சொல்லும் இரவில் அந்த நேரம் கடந்து போகிறது.

துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டையும் ஆபத்தானது. மலேசிய மருத்துவமனைகளில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு சோதிக்கப்படுகிறது. அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு நாப்தலின் உருண்டை இரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். அப்படிப்பட்ட பிள்ளை உள்ள வீட்டில் அந்த உருண்டையே இருக்கக்கூடாது.

தீபாவளி நெருங்கினால் வீட்டுக்குச் சாயம் அடிப்போம். தின்னரைக் குடிநீர் போத்தலில் ஊற்றி வைப்பதும் நடக்கும். தாகம் எடுத்த பிள்ளைக்கு அது தண்ணீர். எந்த இரசாயனத்தையும் அதன் சொந்தப் புட்டியிலிருந்து மாற்றக்கூடாது.

"மூடியைக் குழந்தை திறக்க முடியாதே" என்று கேட்கலாம. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அத்தகைய மூடிகளுக்கு ஒரு சோதனை உண்டு. திறக்கும் முறையைச் செய்து காட்டிய பிறகும் நூற்றில் 80 பிள்ளைகளால் திறக்க முடியவில்லை என்றால் மூடி தேறிவிடும். மீதி 20 பிள்ளைகள் திறக்கலாம். மூடி சற்று நேரம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதோடு, மருந்து வெளியே இருப்பது பெரும்பாலும் அதைப் பயன்படுத்தும் வேளையில்தான். தொலைபேசி ஒலிக்கிறது, புட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறோம். எடுத்த மருந்தைக் கையோடு திரும்ப வைப்பதே பாதிப் பாதுகாப்பு. "மிட்டாய்" என்று சொல்லி மருந்து ஊட்டுவதையும் நிறுத்த வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் குழந்தை விழுங்கிவிட்டால் என்ன செய்வது?

உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது பழைய பழக்கம். அது கூடாது. தின்னரும் மண்ணெண்ணெயும் மேலே வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும். சூடம் தின்ற பிள்ளைக்கு வாந்தி எடுக்கும்போதே வலிப்பு வரலாம். உப்புத் தண்ணீரே தனி விஷமாகிவிடும். வாந்தி எடுக்க வைக்கும் மருந்தைக்கூட வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2003இல் சொல்லிவிட்டது.

வாயில் மிச்சம் இருப்பதை எடுத்துவிடுங்கள். மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் இருந்தால் உடனே 999. குழந்தை தெளிவாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் தேசிய விஷ மையம் இயங்கி வருகிறது. வேலை நாள்களில் அலுவலக நேரத்தில் 1-800-88-8099 என்ற எண்ணில் கேட்கலாம். மற்ற நேரத்தில் நேராக மருத்துவமனை. புட்டியையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறைகிறது, எத்தனை மணிக்கு நடந்தது என்பதுதான் மருத்துவர் முதலில் கேட்பது.

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்க வேண்டும். "பிள்ளையைப் பார்க்காமல் என்ன செய்தாய்?" என்று கணவர் மனைவியைக் கடிகிறார். மருமகள் மாமியாரை முறைக்கிறாள். பயந்துபோன பாட்டி, நான்கு மாத்திரை காணாமல் போயிருக்க, "ஒண்ணுதான் இருக்கும்" என்கிறார். அந்த ஒரு பொய் சிகிச்சையையே மாற்றிவிடும். யார் குற்றம் என்ற விசாரணையைக் குழந்தை பிழைத்து வீடு திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சாமி மேடையை உயர்த்த முடியாவிட்டால் சூட டப்பாவையாவது உயரத்தில் பூட்டி வையுங்கள். ஊரிலிருந்து பாட்டி வந்து இறங்கியதும், காப்பி கலக்கும் முன்னே, "பையைக் கொடுங்கம்மா, மேலே வைக்கிறேன்" என்று கேட்டு வாங்குங்கள். காரணத்தையும் சொல்லுங்கள். பேரப்பிள்ளைக்காக என்றால் எந்தப் பாட்டியும் கோபித்துக்கொள்ள மாட்டார்.