தாய்வழியாக வரும் சலரோகம்

மந்திகையிலோ தெல்லிப்பழையிலோ சலரோகக் கிளினிக்குக்குப் போகிறவர்கள் ஒன்றை யோசியுங்கள்: அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் சலரோகத்தோடு காதும் மந்தமா? மிக அரிதாக, இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கலாம்.

கலங்களுக்குச் சக்தி கொடுக்கும் இழைமணிகளுக்குத் தனி டி.என்.ஏ. உண்டு. 16,569 எழுத்துகள், 37 பரம்பரையலகுகள். அது தாயிடமிருந்தே வருகிறது. அதில் 3,243ஆவது எழுத்து பிசகினால் காது மந்தத்தோடு கூடிய இந்தச் சலரோகம் வரலாம். அதே பிசகு சிலருக்கு இளவயதிலேயே பக்கவாதம் போன்ற தாக்குதலைத் தருகிறது. பழுதான டி.என்.ஏ. பிரதிகளின் அளவு ஆளுக்காள் வேறுபடுவது, ஒரே பிசகு இப்படி வெவ்வேறு நோய்களைத் தருவதற்கு ஒரு காரணம். பரம்பரையலகுகளை அடக்கியாளும் நுண் ஆர்.என்.ஏ. துணுக்குகளும் இந்தப் பிசகுள்ள கலங்களில் மாறுகின்றன.

குடும்ப விபரத்தை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்தப் பிசகு உள்ளவர்களுக்கு மெற்போமின் குளிசையைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். ஆனால் நீங்களாக எந்தக் குளிசையையும் நிறுத்தவேண்டாம்.