குழந்தைகளின் வலிப்பும் பெற்றோர் கடமையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

இயலும் இசையும் நாடகமும் முழங்க வேண்டிய விழா மேடையில் நோயைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் உண்டு. சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நாம், இக்குடியிருப்பில் ஒருவர் சுகதுக்கத்தை மற்றவர் அறிந்தே வாழ்கிறோம். மாற்றல் உத்தரவு வந்தாலும், சர்க்கரை நோய் கண்டாலும் அடுத்த வீட்டாருக்குத் தெரியும். குழந்தைக்கு வலிப்பு வந்தால் மட்டும் கதவைச் சாத்திக் கொள்கிறோம். பெண் குழந்தையாயின் தாழ்ப்பாளும் போடுகிறோம்.

வலிப்பு தெய்வக் குற்றமன்று, பேயின் சேட்டையுமன்று, தொற்று நோயுமன்று. மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின்விசையால் செய்தி பரிமாறிக் கொள்கின்றன. அவற்றுள் ஒரு கூட்டம் கட்டுக்கடங்காமல் ஒரே வேளையில் மின்விசையை வெளியிடும்போது வலிப்பு உண்டாகிறது. ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் மனித மூளையின் மின்னலைகளை 1924 இல் முதன்முதலாகப் பதிவு செய்து, 1929 இல் உலகுக்கு அறிவித்தார். இன்று மருத்துவமனைகளில் எடுக்கும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை அவ்வழி வந்ததே.

அக்கருவி தோன்றுவதற்கு முன்பே இத்துறைக்கு உதவியது ஒரு தந்தையின் கண். இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்ற ஊரில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். அவருடைய மகன் நான்கு மாதக் குழந்தையாய் இருந்தபோது தலையை முன்னே தாழ்த்தித் தாழ்த்தி எழுப்பத் தொடங்கினான். பின்னர் அது அடுத்தடுத்துப் பலமுறை நிகழலாயிற்று. அறிவு வளர்ச்சியும் தேங்கியது. அக்கால மருந்துகள் பலிக்கவில்லை. வெஸ்ட் அதை மூடி வைக்கவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதி, 1841 இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டு, சக மருத்துவர்களிடம் வழி கேட்டார். குனிந்து சலாம் இடுவது போன்றிருந்தமையால் ‘சலாம் வலிப்பு’ என்றும் அதற்குப் பெயர் வழங்கிற்று.

அக்கடிதம் அவர் மகனைக் குணப்படுத்தவில்லை. பின்வந்த குழந்தைகளுக்குப் பயன்பட்டது. இன்று அந்நோய் வெஸ்டின் பெயராலேயே அறியப்படுகிறது. ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோன் ஊசியால் பலன் உண்டென்று 1958 இல் கண்டனர். பிறகு வேறு மருந்துகளும் வந்தன. சிகிச்சை விரைவாகத் தொடங்குவது நலம். நாமோ வயிற்று வலி என்றும், குழந்தை திடுக்கிடுகிறது என்றும் எண்ணி வாரங்களைக் கழித்து விடுகிறோம்.

இவ்வலிப்பின் முக்கிய காரணங்களுள் ஒன்று, பிறக்கும் வேளையில் மூளைக்குப் பிராணவாயு குறைவது. அவ்வாறு பாதிக்கப்பட்ட குழந்தையை ஆறு மணி நேரத்துக்குள் குளிர்விக்கத் தொடங்கி, உடல் வெப்பத்தை 72 மணி நேரம் 33 முதல் 34 டிகிரி செல்சியசில் வைத்தால் மூளைச் சேதம் குறைகிறது என்று மேல்நாட்டு ஆராய்ச்சிகள் காட்டின. அது நமக்கும் பொருந்துமா என்று அறிய, இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடையே ஆராய்ச்சி நடந்தது. 2021 இல் முடிவு வெளியாயிற்று. குளிர்வித்த 202 குழந்தைகளில் 84 பேர் இறந்தனர். குளிர்விக்காத 206 பேரில் 63 பேர் இறந்தனர். ஓரிடத்தில் நன்மை செய்த முறை மற்றோரிடத்தில் தீமையாகவும் முடியலாம் என்பது தெளிவாயிற்று. பெருந்துயர வேளையிலும் தம் குழந்தையை ஆராய்ச்சியில் சேர்க்க இசைந்த பெற்றோரால் அன்றோ இவ்வுண்மை வெளிப்பட்டது!

நாம் செய்யக்கூடியது என்ன? வலிப்பு வந்த குழந்தையின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்க வேண்டா. வாயில் கரண்டியோ தண்ணீரோ கொடுக்க வேண்டா. ஒருபுறமாகப் படுக்க வைத்து, அருகில் உள்ளவற்றை அகற்றினால் போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வண்டி வந்த நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும் நிலையத்தில் குறிப்பது போல, வலிப்பு தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் குறித்து வைப்போம். கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டினால் மருத்துவருக்குப் பேருதவி. மருந்தை நாமாக நிறுத்தலாகாது. தக்க மருந்தால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

திருமணம் தடைப்படுமே என்பது தாய்மார்களின் அச்சம். வலிப்பு நோயை ஒரு தடையாக இந்துத் திருமணச் சட்டத்தில் 1976 இல் சேர்த்தார்கள். 1999 இல் பாராளுமன்றமே அதை நீக்கியது. சட்டம் திறந்துவிட்ட கதவை நாம் சாத்தலாமா? மறைப்பதால் நோய்தான் வளரும். சொல்வதால் அறிவு வளரும். நம் சங்கத்தில் எந்தத் தாயும் இதைச் சொல்லத் தலைகுனியாத நிலை வரட்டும். அதற்கு முதலில், கேட்கும் நாம் முகம் சுளியாதிருப்போமாக.