லைசென்ஸ் ஃபார்முக்குள்ள ஒரு பட்டாளப் பதிவு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு கையெழுத்தைப் பத்திப் பேசலாம்.

18 வயசு ஆனதும் பரங்கிப்பேட்டைப் பையன் என்ன பண்ணுவான்? எல்எல்ஆர் போடுவான். ஆன்லைன்ல விண்ணப்பம், அப்புறம் ஆர்டிஓ ஆபீஸ், எட்டு போட்டுக் காட்டணும். அந்த விண்ணப்பத்துல நிறைய பேர் கவனிக்காத ஒரு கேள்வி இருக்கு. விபத்துல உயிர் போனா உடல் உறுப்பைத் தானம் செய்யச் சம்மதமான்னு கேட்பாங்க. வண்டி ஓட்டறதுக்கும் அதுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்ல. ஆனா வெளிப்படையா கேட்கறாங்க. வேணாம்னு சொன்னாலும் லைசென்ஸ் வரும். இதை மனசுல வெச்சுக்கோங்க.

அதே வயசுல, அப்பா அம்மாவோட கிரீன் கார்டுல அமெரிக்கா போன ஒரு தமிழ்ப் பையனை நினைச்சுப் பாருங்க. அவனும் லைசென்ஸுக்குத்தான் போறான். அங்க பெரும்பாலான மாநிலங்கள்ல லைசென்ஸ் விண்ணப்பத்தோட இன்னொண்ணையும் சட்டம் போட்டு இணைச்சிருக்காங்க. அதுதான் செலக்டிவ் சர்வீஸ் பதிவு. கட்டாய ராணுவ சேவை திரும்ப வந்தா யாரைக் கூப்பிடலாம்கறதுக்கான பட்டியல். சில மாநிலங்கள்ல விருப்பம் கேட்பாங்க. பல மாநிலங்கள்ல விண்ணப்பத்துல கையெழுத்து போட்டாலே இந்தப் பதிவுக்கும் சம்மதம்னு அர்த்தம். பையன் காருக்குக் கையெழுத்து போட்டான். பேரு பட்டாளப் பட்டியலுக்கும் போயிடுச்சு.

பயப்பட வேணாம். பதிவு வேற, பட்டாளத்துல சேர்க்கறது வேற. வியட்நாம் போர்க் காலத்துல நடந்த கட்டாய ஆள்சேர்ப்பு 1973லயே நின்னுபோச்சு. 1975ல பதிவையும் நிறுத்தினாங்க. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள்ள போனதும், 1980ல அதிபர் கார்ட்டர் பதிவை மட்டும் திரும்பக் கொண்டுவந்தார். 18லிருந்து 25 வயசு வரைக்கும் உள்ள ஆண்கள் பதியணும். குடிமக்கள் மட்டும் இல்ல, கிரீன் கார்டு வெச்சிருக்கறவங்களும்தான். மாணவர் விசா மாதிரி தற்காலிக விசாவுல முறையா இருக்கறவங்களுக்கு இது கிடையாது. பெண்களுக்கும் கிடையாது. ஆண்களை மட்டும் பதியச் சொல்றது செல்லும்னு 1981ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

பதியலன்னா? சட்டப் புத்தகத்துல 5 வருஷம் வரைக்கும் சிறை இருக்கு. ஆனா 1980களுக்கு அப்புறம் அப்படி வழக்கு போட்டு உள்ள தள்ளினதில்ல. அடி வேற இடத்துல விழும். மத்திய அரசு வேலை கிடைக்காது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது ஏன் பதியலன்னு கேட்பாங்க. 26 வயசு ஆனதுக்கு அப்புறம் பதியவும் முடியாது. 20 வயசுல அங்க போய், இப்படி ஒரு சட்டம் இருக்குன்னே தெரியாம 28 வயசுல குடியுரிமை கேட்கறவன், வேணும்னு தவறவிடலன்னு நிரூபிச்சாகணும்.

இணைக்கணும்னு சொல்றவங்களோட பலமான வாதமே இதுதான். "தெரியாமப் போனவனைத்தான் நாங்க காப்பாத்தறோம். லைசென்ஸ் வாங்க வர்றப்பவே வேலை முடிஞ்சா, பின்னால குடியுரிமை கெடாது." இது சும்மா சொல்ற சாக்கு இல்ல. புதுசா போன குடும்பத்துப் பையனுக்கு உண்மையிலேயே உதவி.

அப்ப என்ன பிரச்சினை? பாரம் யார் தலையில விழுதுங்கறதுதான். இதே மாதிரி முன்னாடி ஒரு முடிச்சு போட்டாங்க. பதிவு பண்ணாத மாணவனுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடையாதுன்னு 1982ல சட்டம் வந்துச்சு. 1984ல உச்ச நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. யோசிச்சுப் பாருங்க. அப்பா கையில காசு இருக்கற பையன் உதவித்தொகையே கேட்க மாட்டான். அவனை இந்தச் சட்டம் தொடவே தொடாது. உதவித்தொகை இல்லாம படிக்க முடியாதவன்தான் மாட்டுவான். கடைசியா 2020ல போட்ட சட்டத்துலதான் இந்த முடிச்சை அவிழ்த்தாங்க.

லைசென்ஸும் அப்படித்தான். நியூயார்க்ல மெட்ரோவுல போறவன் லைசென்ஸ் இல்லாமலே காலம் தள்ளிடுவான். பஸ்ஸே இல்லாத ஊர்ல, கார் இருந்தாத்தான் வேலைக்குப் போக முடியும்ங்கறவனுக்கு வேற வழி இல்ல. கடமை எல்லாருக்கும் பொதுன்னு சொல்றாங்க. ஆனா யாருக்கு அந்த அட்டை இல்லாம பொழப்பு நடக்காதோ, அவன்கிட்டதான் வசூல் பண்றாங்க.

இப்ப இன்னும் ஒரு படி மேல போயிட்டாங்க. 2025 டிசம்பர்ல கையெழுத்தான பாதுகாப்புத் துறைச் சட்டப்படி, அரசே தன்கிட்ட இருக்கற தகவலை வெச்சு இளைஞர்களைத் தானா பதிஞ்சுக்கப் போகுது. இனிமே அந்தக் கையெழுத்துக்கும் வேலை இல்ல.

"அது அமெரிக்கா, நமக்கென்ன?"ன்னு கேட்கலாம். கடல் தாண்டிப் போறது பரங்கிப்பேட்டைக்குப் புதுசா என்ன? சிங்கப்பூரையே எடுத்துக்கோங்க. அங்க கட்டாய சேவை 1967லிருந்து நடக்குது. அப்பாவுக்கு நிரந்தர வாசம் கிடைச்சு, அவர் மூலமா மகனுக்கும் கிடைச்சா, மகன் பொதுவா 2 வருஷம் சேவை செய்யணும். 13 வயசுலிருந்தே, 3 மாசமோ அதுக்கு மேலயோ வெளிநாட்டுல தங்கணும்னா அனுமதி வாங்கணும். கடுமைதான். ஆனா ஒளிவுமறைவு இல்ல. மகனுக்கு நிரந்தர வாசம் கேட்கறதுக்கு முன்னாடியே வீட்டுல உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம்.

நம்ம நாட்டுல கட்டாய ராணுவ சேவை இல்ல. 2022ல வந்த அக்னிபத்தும் விரும்பிச் சேர்றதுதான். ஆனா அரசமைப்புச் சட்டத்தோட 23ஆம் பிரிவு, கட்டாய உழைப்பைத் தடை பண்ற அதே இடத்துல, பொது நோக்கத்துக்காக அரசு கட்டாய சேவை கேட்கலாம்னும் சொல்லுது. கதவு பூட்டி இல்ல, சாத்தித்தான் இருக்கு.

ஒண்ணோட ஒண்ணை முடிச்சுப் போடற பழக்கமும் நமக்கு நல்லாவே தெரியும். ஆதாரை வங்கிக் கணக்கோட, சிம் கார்டோட கட்டாயம் இணைக்கணும்கறது செல்லாதுன்னு 2018 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. பான் கார்டோட இணைக்கறது செல்லும்னு அதே தீர்ப்புல சொல்லுச்சு. அப்புறம் 2023 ஜூன் 30க்குள்ள இணைக்காதவங்க பான் கார்டு முடங்கிப்போச்சு. திரும்ப உயிர் கொடுக்க 1000 ரூபாய் கட்டணும்னாங்க. ஊர்ல எத்தனை பேரு கம்ப்யூட்டர் சென்டர் வாசல்ல நின்னாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். நாட்டுக்காக இளைஞன் துப்பாக்கி தூக்கணுமாங்கறது பெரிய கேள்வி. தூக்கணும்னு ஒருத்தர் சொல்லலாம், கூடாதுன்னு இன்னொருத்தர் சொல்லலாம். ஆனா அதை சட்டமன்றத்துலயும் தெருவுலயும் வீட்டுலயும் பேசித் தீர்க்கணும். லைசென்ஸ் ஃபார்மோட கடைசி வரியில தீர்க்கக் கூடாது. உறுப்பு தானத்துக்கு நம்ம ஃபார்ம்ல கேட்கற மாதிரி தனியா, கண்ணுக்குத் தெரியற மாதிரி கேட்டா அது சம்மதம். வேற ஒண்ணுக்குப் போட்ட கையெழுத்துல சேர்த்து வாங்கினா அதுக்குப் பேரு சம்மதம் இல்ல.

கேட்கறவங்க வீட்டுல யாராவது பசங்க அங்க இருந்தா, இன்னைக்கே ஒரு போன் போடுங்க. கிரீன் கார்டா, மாணவர் விசாவான்னு முதல்ல கேளுங்க. கிரீன் கார்டுன்னா, 26 ஆகறதுக்குள்ள பதிவு ஆகியிருக்கான்னு செலக்டிவ் சர்வீஸ் இணையதளத்துலயே பார்த்துக்கலாம். மாணவர் விசான்னா, விசா நிலையைக் காட்டற காகிதங்களைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க. பின்னால ஏன் பதியலன்னு யாராவது கேட்டா அதுதான் பதில்.

இங்க இருக்கறவங்க, அடுத்த தடவை எந்த ஃபார்ம்ல கையெழுத்து போட்டாலும் பேனாவை எடுக்கறதுக்கு முன்னாடி கடைசிப் பத்தியைப் படிச்சிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.