ஸ்ரீரங்கப்பட்டணம்: படைத்தளத்தின் செலவைச் சுமந்தது யார்?



காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும் தீவில் அமைந்த ஊர் ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூர் அரசின் தலைநகரமும் முதன்மைப் படைத்தளமும் அதுவே. ஒரு நாட்டின் படைத்தளம் யார் கையில் இருக்கிறது, அதன் செலவை யார் சுமக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவ்வூரின் வரலாற்றில் விடை உண்டு.

ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் தம் படையில் ராக்கெட் பிரிவுகளை வளர்த்தனர். வெடிமருந்தை இரும்புக் குழாயில் அடைத்து, நீண்ட மூங்கில் கழியில் கட்டி ஏவினர். இரும்பு உறை கூடுதல் அழுத்தத்தைத் தாங்கியதால் அவை வெகுதூரம் பாய்ந்தன. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை நிர்மூலமானது. சிறைப்பட்ட பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே மாண்டார். தரியா தௌலத் மாளிகையின் சுவரில் அப்போர் இன்றும் ஓவியமாக நிற்கிறது. வரலாற்று நூல்கள் மன்னரின் பெயரைச் சொல்கின்றன. அந்தக் குழாய்களை அடித்து உருவாக்கிய கொல்லர்களின் பெயரைச் சொல்வதில்லை.

1792 உடன்படிக்கை திப்புவின் அரசில் பாதியைப் பறித்தது. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீடு விதிக்கப்பட்டது. இரண்டு மகன்கள் பிணையாகக் கொண்டு செல்லப்பட்டனர். பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனி வசமாயின. 1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்தது. திப்பு களத்தில் மடிந்தார். கைப்பற்றப்பட்ட ராக்கெட்டுகள் இங்கிலாந்தின் ஊல்விச் படைக்கலச் சாலைக்குச் சென்றன. அவற்றை ஆராய்ந்து வில்லியம் காங்கிரீவ் உருவாக்கிய ராக்கெட்டுகள் 1807இல் கோபன்ஹேகன் நகரை எரித்தன. காலனியாதிக்கம் நிலத்தையும் வரியையும் மட்டுமன்று, உழைப்பாளரின் தொழில்நுட்பத்தையும் கவர்ந்து சென்றது.

திப்பு ஒரு மன்னர். அவரது படையும் உழவரின் வரியில்தான் நின்றது. குடகிலும் மலபாரிலும் அவரது படையெடுப்புகள் கொடியவையாக இருந்தன. மராத்தியப் படையினரின் கொள்ளைக்கு ஆளான சிருங்கேரி மடத்திற்கு உதவியவரும் அவரே. இவற்றில் ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் பேசுவது வரலாறு ஆகாது. கம்பெனி ஆட்சி எதைக் கொண்டுவந்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஐந்து வயதுச் சிறுவரான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் அமர்த்திய கம்பெனி, ஸ்ரீரங்கப்பட்டணத் தீவைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் நிறுத்திய படைக்காக மைசூர் ஆண்டுதோறும் 7 லட்சம் வராகன் செலுத்த வேண்டியிருந்தது. தீவில் காய்ச்சல் பரவியதால் 1809இல் படை பெங்களூருக்குப் பெயர்ந்தது. பெங்களூர் கன்டோன்மென்ட் அவ்வாறுதான் பிறந்தது. வரிச்சுமை தாங்காத நகர் பகுதி விவசாயிகள் 1830இல் கிளர்ந்தெழுந்தனர். அதையே காரணம் காட்டி 1831இல் கம்பெனி ஆட்சியை நேரடியாக எடுத்துக்கொண்டது. 1881இல் ஆட்சி உடையார்களிடம் திரும்பியது, கன்டோன்மென்ட் திரும்பவில்லை. அது 1947 வரை பிரிட்டிஷார் வசமே இருந்தது.

வேலூரில் இக்கதையின் மறுபக்கம் நிகழ்ந்தது. திப்புவின் பிள்ளைகள் காவலில் வைக்கப்பட்ட அக்கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அன்னியனின் படைத்தளத்தைக் காத்தவர்களும் உழவர் வீட்டுப் பிள்ளைகளே.

அதே பெங்களூரில் 1940இல் மைசூர் அரசின் பங்களிப்புடன் விமானத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், அது அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் தளமாயிற்று. விடுதலைக்குப் பின் பொதுத்துறை நிறுவனமாக வளர்ந்த ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிலாளர்களின் திறனே இன்று இந்திய வான்படைக்கு முதுகெலும்பு. 2019இல் ஊதிய உயர்வுக்காக அவர்கள் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது.

2016இல் இந்தியா அமெரிக்காவுடன் தளவாட உதவி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. எரிபொருளுக்கும் பழுதுபார்ப்புக்கும் மட்டுமே அது. அன்னியத் தளம் அமைப்பதற்கு அன்று என்கிறது அரசு. 1799இல் மைசூருக்குச் சொல்லப்பட்டதும் ‘பாதுகாப்பு’ என்ற சொல்தான். அன்று மன்னரின் பெயரில் கையெழுத்து வாங்கினார்கள். விலையை உழவர் கொடுத்தனர். இன்று கையெழுத்திடுவது மக்கள் தேர்ந்தெடுத்த அரசு. எனவே கேள்வி கேட்கும் உரிமையும் கடமையும் மக்களுக்கு உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் இடிந்த மதில்கள் இதைத்தான் நினைவூட்டுகின்றன.